அத்தைக்கு நாக்கில் ருசி தெரியவில்லை, ஜிங்க் மாத்திரை கொடுக்கலாமா?

ஆனையூர் மருமகள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மதுரை ஆனையூரில். அத்தைக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, வயது 67. நாலு மாதமாக வீட்டில் ஒரே பஞ்சாயத்து. குழம்பில் உப்பில்லை, ரசத்தில் புளியில்லை, டீ வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று தினம் ஒரு குறை. எனக்குக் கோபம்தான் வந்தது, பதினாறு வருடமாக இதே கையால்தானே சாப்பிடுகிறார்! அவர் சொல்லச் சொல்ல நானும் உப்பைக் கூட்டிக்கொண்டே போனேன். போன ஞாயிற்றுக்கிழமை விளாங்குடியிலிருந்து நாத்தனார் வந்தார். அத்தை அவரிடமும் என் சமையலைப் பற்றி ஒரு பாட்டம் ஓதிவிட, அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். முதல் கவளத்திலேயே "என்ன மதினி, உப்புக் கரிக்குது!" என்று தண்ணீரை எடுத்துக் குடித்தார். அன்றைக்குத்தான் தெரிந்தது, குறை குழம்பில் இல்லை, அத்தையின் நாக்கில் என்று.

விவரம் சொல்கிறேன். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, பிரஷரும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இரண்டு வேளை, பிரஷருக்கு டெல்மிசார்டானோடு, சிறுநீரைக் கூட்டும் தண்ணீர் மாத்திரை சேர்ந்த ஒன்று, காலையில் வெறும் வயிற்றில் பேன்டோப்ரசோல் என்ற கேஸ் மாத்திரை (இது எப்போது, எதற்கு ஆரம்பித்தது என்று யாருக்குமே நினைவில்லை). மேல்வரிசை பல் செட். மாமா இறந்து இரண்டு வருடம் ஆகிறது, அதிலிருந்து கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. காலையில் கேப்பைக் களி அல்லது கோதுமை தோசை, மதியம் கொஞ்சம் சோறும் ரசமும், இரவு சப்பாத்தி, நடுவில் நாலு தடவை டீ. இவ்வளவுதான் சாப்பாடு.

பக்கத்து மெடிக்கலில் சொன்னேன். "நாக்குல ருசி இல்லேன்னா ஜிங்க் கம்மிக்கா, ஒரு மாசம் போட்டுப் பாருங்க" என்று ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார். 50 மி.கி. என்று போட்டிருக்கிறது, காலை ஒன்று இரவு ஒன்றாம். கொடுக்கலாமா? அப்புறம், நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் ஜிங்க் குறைவு என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. அத்தை நகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை, எனக்கும் என் பையனுக்கும்தான் இருக்கிறது!

திருநகர் வாசி:

எங்கள் அம்மாவுக்கும் காய்ச்சலுக்குப் பிறகு இதே கதைதான். ஒரு மாதம் ஜிங்க் போட்டார், சரியாகிவிட்டது. சத்து மாத்திரைதானே, யோசிக்காமல் கொடுங்கள்.

பழைய பார்மசிஸ்ட்:

திருநகர் சார், காய்ச்சலுக்குப் பின் போன ருசி பெரும்பாலும் மாத்திரை போடாவிட்டாலும் ஒரு மாதத்தில் தானாகவே வந்துவிடும். நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. தங்கச்சி, நீங்கள் யோசித்தே கொடுங்கள்.

இருபத்திரண்டு வருடம் கவுண்டரில் நின்றவன் என்பதால் முதலில் அட்டையைப் பற்றிச் சொல்கிறேன். அதைத் திருப்பி, பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். "ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 55 மி.கி., எலிமென்டல் ஜிங்க் 20 மி.கி.க்குச் சமம்" என்கிற மாதிரி இருக்கும். உப்பின் எடை வேறு, அதில் உள்ள ஜிங்கின் எடை வேறு. உங்கள் அட்டையில் 50 என்பது உப்பின் எடை என்றால் ஜிங்க் 18 மி.கி. சுமார், பயமில்லை. ஜிங்கே 50 என்றால் இரண்டு வேளைக்கு 100 ஆகிவிடும். பெரியவர்கள் ஒரு நாளில் சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேர்த்து 40 மி.கி.யைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. டாக்டர் ஒரு காரணத்துக்காக அதற்கு மேல் எழுதினால் அது வேறு.

தாண்டினால் என்ன ஆகும்? முதலில் குமட்டல், வயிற்றுப் பிரட்டல். அது பரவாயில்லை, உடனே நிறுத்திவிடுவோம். மாதக்கணக்கில் போனால்தான் வம்பு. ஜிங்க் அதிகமானால் குடலில் செம்புச் சத்து ஏற விடாது. செம்பு குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளை அணு குறையும், காலில் மரமரப்பு வந்து நடை தள்ளாடும். சர்க்கரைக்காரருக்குக் கால் மரத்தால் யார் ஜிங்க் மாத்திரையைச் சந்தேகப்படுவார்கள்? சர்க்கரையால் என்று சொல்லி இன்னொரு மாத்திரையை எழுதுவார்கள். பல் செட்டை ஒட்டும் பசையில் ஜிங்க் சேர்த்து விற்ற காலத்தில், அதை டியூப் டியூபாக அப்பிக்கொண்ட சிலருக்கு இதே மாதிரி செம்பு இறங்கி நடை போனது வெளிநாட்டில் பதிவாகியிருக்கிறது. அத்தை பசை போடுகிறாரா, பாருங்கள்.

இப்போது மாத்திரைப் பட்டியல். மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் இரும்பைச் சப்பின மாதிரி ருசி தரும். வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையும். பேன்டோப்ரசோலும் நீண்ட நாள் போட்டால் பி12ஐக் குறைக்கும், ஜிங்க் ஏறுவதையும் மட்டுப்படுத்தும். அந்தத் தண்ணீர் மாத்திரை ஹைட்ரோகுளோரோதயசைடாக இருந்தால் ஜிங்க் சிறுநீரில் அதிகம் போகும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் அப்படியே. ஆக அத்தைக்கு உள்ளே வருவதும் குறைவு, வெளியே போவதும் அதிகம். ஜிங்க் குறைவாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் இதே ஆளுக்கு பி12 குறையவும் அதே அளவு வாய்ப்பு இருக்கிறது, அதைப் பார்க்காமல் ஜிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது. இதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ருசி போச்சு என்று வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் உண்மையில் போயிருப்பது வாசனை. மூக்கு அடைத்தால் சாம்பாரும் புளிக்குழம்பும் ஒன்றுதான். மல்லிகைப்பூவையும் பெருங்காயத்தையும் கண்ணை மூடச் சொல்லி மோந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொண்டு உப்பு, சீனி, புளித்தண்ணீர், வேப்பங்கொழுந்து நாலையும் தனித்தனியாக நாக்கில் வைத்து, நடுவில் வாய் கொப்பளிக்க வைத்து, எது தெரிகிறது என்று எழுதுங்கள். பல் செட்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து நாக்கையும் மேலண்ணத்தையும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பிரஷர்காரருக்கு நாலு மாதமாக உப்பைக் கூட்டியிருக்கிறீர்கள். ருசி வந்தாலும் வராவிட்டாலும் அதை இன்றைக்கே குறையுங்கள்.

ஆனையூர் மருமகள்:

அண்ணே, ரொம்ப நன்றி. அட்டையில் பார்த்தேன், எலிமென்டல் என்றுதான் 50 போட்டிருக்கிறது. எடுத்து மேலே வைத்துவிட்டேன்.

சோதனை செய்தோம். அத்தை முதலில் "நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா" என்று முறைத்தார், பேத்தி கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். மல்லிகையைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்தார், அதோடு "இது நேத்துப் பூ" என்றும் சொன்னார்! பெருங்காயமும் தெரிந்தது. ஆக மூக்கு நன்றாக இருக்கிறது. பள்ளியில் படித்தபடி நுனியில் சீனி, ஓரத்தில் உப்பு, அடியில் கசப்பு என்று வைத்தேன். சீனி மங்கலாகத் தெரிகிறது, நேரம் எடுக்கிறது. உப்புக்கு, ஒரு சிட்டிகை வைத்தும், "ஏதோ மணல் மாதிரி இருக்கு" என்றார். புளி தெரிந்தது. வேப்பங்கொழுந்துக்கு முன்னாடியே வாய் சதா கசப்பாகத்தான் இருக்கிறதாம், காலையில் எழுந்ததும் ஆணியைச் சப்பின மாதிரி இருக்குமாம். இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை.

நாக்கைப் பார்த்தால் ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் சொரசொரப்பே இல்லாமல் வழவழவென்று இருக்கிறது. பக்கத்தில் என் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தேன், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. பல் செட்டுக்கு மேலே அண்ணம் செக்கச்செவேல், இரண்டு இடத்தில் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளை. உதட்டோரம் இரண்டு பக்கமும் வெடிப்பு. பசை எதுவும் போடுவதில்லை. ராத்திரி செட்டைக் கழற்றுவதும் இல்லை, "பேய் மாதிரி இருக்கும்" என்கிறார்.

ஆதாரம் கேட்பவன்:

நுனியில் இனிப்பு, ஓரத்தில் உப்பு என்ற அந்தப் படம் தவறு. 1901இல் ஒரு ஜெர்மன்காரர் நாக்கின் இடத்துக்கு இடம் கொஞ்சம் உணர்வு வித்தியாசம் இருக்கிறது என்று எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் வரைபடமாக்கிவிட்டார்கள். சுவை மொட்டு இருக்கும் எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். நகத்துப் புள்ளியும் அப்படித்தான், பெரும்பாலும் நகத்தை எங்காவது இடித்துக்கொண்ட தழும்பு. உங்கள் பையன் கிரிக்கெட் ஆடுவானோ?

லேப் டெக்னீஷியன்:

ரத்தத்தில் ஜிங்க் பார்க்கச் சொன்னால் கவனிக்கவேண்டியது சில இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், சாப்பிட்டபின் அளவு இறங்கிவிடும். காய்ச்சலோ சளியோ புண்ணோ இருக்கும்போது எடுத்தால் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் அப்போது உடம்பு ஜிங்கை ரத்தத்திலிருந்து ஈரலுக்கு இழுத்துக்கொள்ளும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலேயே ஜிங்க் இருப்பதால் அடர்நீல மூடி போட்ட தனிக் குழாயில் எடுக்க வேண்டும். ஊசி சரியாக இறங்காமல் ரத்த அணு உடைந்தால் அளவு கூடிவிடும், சிவப்பணுவுக்குள் ஜிங்க் நிறைய உண்டு. இத்தனை சிக்கல் இருப்பதால் 70 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் குறைவு என்று சொல்வோமே தவிர, 68 வந்துவிட்டது ஐயோ என்று குதிக்க வேண்டியதில்லை. அதே ஊசியில் பி12, இரும்பு, ஹீமோகுளோபின், கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள். சிறுநீரகம் மந்தமானாலும் வாய் கசக்கும்.

மேலூர் விவசாயி:

நான் மருத்துவம் தெரிந்தவன் இல்லை, தலைப்பில் ஜிங்க் என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். எங்களுக்கு அது நெல்லுக்குப் போடுவது. நட்டு மூன்று வாரத்தில் இலையில் துரு பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி விழுந்து, வயல் அங்கங்கே திட்டுத்திட்டாகக் குட்டையாக நின்றுவிடும். பக்கத்து வயல்காரர் பூச்சி என்று மருந்தடிப்பார், அது ஜிங்க் பற்றாக்குறையாக இருக்கும். ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட்டை இருபது கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன்னால் தூவ வேண்டும். டிஏபி உரத்தோடு சேர்த்துக் கலக்கக்கூடாது, கலந்தால் அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஜிங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்குப் போகாது. பெரியாறு பாசனத்தில் ஒரு வருடம் கூலி மிச்சம் என்று இரண்டையும் ஒரே சாக்கில் கலந்து தூவிவிட்டு நான் பட்டது போதும். மண்ணிலேயே இல்லாவிட்டால் அரிசியில் எங்கிருந்து வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மனையியல் டீச்சர்:

மேலூர் தம்பி, சும்மா எட்டிப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு நடு விஷயத்தையே தொட்டுவிட்டீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது, மண்ணில் குறைந்தால் மணியிலும் குறையும். ஆனால் டிஏபி சாக்கில் நடந்தது இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுவேதான் இந்த அம்மாவின் குடலிலும் நடக்கிறது. தானியமும் பருப்பும் தங்களுக்கு வேண்டிய மணிச்சத்தை ஃபைட்டிக் அமிலம் என்ற உருவத்தில் சேர்த்து வைத்திருக்கும், முக்கியமாக மேல்தோலில். அது சாப்பாட்டில் இருக்கும் ஜிங்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். நம்மிடம் அதை உடைக்கிற சரக்கு குடலில் அநேகமாக இல்லை. அப்படியே வந்து அப்படியே போய்விடும்.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதையை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற டாக்டர் 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரத்துக்கு வேலைக்குப் போனார். 21 வயது ஆள் ஒருவரைக் கொண்டுவந்து காட்டினார்கள், பார்த்தால் பத்து வயதுப் பையன் மாதிரி இருக்கிறார். வளர்ச்சி இல்லை, கடுமையான ரத்தசோகை. சாப்பாடு என்னவென்று கேட்டால் தவிட்டோடு கூடிய கோதுமை ரொட்டி, அதோடு களிமண்! பிரசாத் அப்புறம் எகிப்துக்குப் போய் இதே மாதிரி ஆட்களைச் சோதித்து, 1963இல் இது ஜிங்க் பற்றாக்குறைதான் என்று எழுதினார். அதுவரை மனிதனுக்கு ஜிங்க் குறையவே குறையாது என்றுதான் பாடம். அமெரிக்காவில் தினசரித் தேவைப் பட்டியலில் அதைச் சேர்க்க 1974 ஆயிற்று. அந்தப் பையன் சாப்பிட்டது ரொட்டி, உங்கள் அத்தை சாப்பிடுவது கோதுமை தோசை, சப்பாத்தி, கேப்பைக் களி. களிமண்ணை மட்டும் விட்டுவிடலாம்.

சர்க்கரைக்காக அரிசியிலிருந்து கோதுமைக்கும் கேப்பைக்கும் மாறியது தப்பு என்று சொல்லவில்லை. எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. கேப்பையை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினால் ஃபைட்டிக் அமிலத்தில் ஒரு பகுதி உடைந்துவிடும். அன்றைக்கே கிண்டுகிற களியில் அது நடக்காது. இட்லி மாவு புளிப்பதிலும், பயறு முளைகட்டுவதிலும், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவதிலும் இதே லாபம்தான். அரைத்தவுடன் ஊற்றுகிற கோதுமை தோசைக்குப் பதில் வாரத்தில் நாலு நாள் இட்லி கொடுங்கள், அளவு பார்த்து.

நம் நாட்டுக் கணக்கில் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 13 மி.கி. ஜிங்க் வேண்டும், ஆண்களுக்கு 17. மேல்நாட்டுக் கணக்கு 8, 11 தான். நம் சாப்பாடு தானியமும் பருப்புமாக இருப்பதால் நமக்குக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கறி நூறு கிராமில் நாலு மி.கி. சுமார் இருக்கும், அதில் ஏறுவதும் அதிகம். எள்ளிலும் பூசணி விதையிலும் நூறு கிராமுக்கு ஏழு இருக்கிறது, ஆனால் யாரும் எள்ளை நூறு கிராம் தின்பதில்லை. முந்திரியில் ஐந்துக்கு மேல், நிலக்கடலையில் மூன்று. ஒரு முட்டையில் அரை மி.கி. கொஞ்சம் கூட. சோறும் ரசமும் அப்பளமும் என்றால் அரை, ஒன்று என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள்: ஆட்டெலும்பு சூப் கொடுத்தால் ஜிங்க் கிடைக்கும் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சூப்புத் தண்ணீரில் இறங்குவது சொற்பம், அது கறியில்தான் இருக்கிறது.

நாக்குக்கும் ஜிங்குக்கும் என்ன உறவு என்று யாரும் சொல்லவில்லையே. சுவை மொட்டில் உள்ள செல்கள் நிரந்தரமானவை இல்லை, பத்து நாளுக்கு ஒருமுறை பழையது போய்ப் புதியது வரும். இவ்வளவு வேகமாகப் பிரிந்து வளர்கிற இடத்துக்கு ஜிங்க் ஓயாமல் வேண்டும். எச்சிலிலும் ஜிங்க் உள்ள ஒரு புரதம் இருக்கிறது, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் வகையைச் சேர்ந்தது, முன்பு கஸ்டின் என்பார்கள். மொட்டுகள் சரியாக வளர அது உதவுகிறது என்று நினைக்கிறார்கள். நாக்கில் கண்ணுக்குத் தெரிகிற சொரசொரப்பு வேறு. அது நூல் நூலான முண்டுகள், அவற்றில் சுவை மொட்டே கிடையாது. நடுநடுவே சிவப்பாகக் குண்டூசித் தலை மாதிரி இருப்பவற்றில்தான் மொட்டு இருக்கும். அத்தையின் நாக்கு வழவழப்பானது அந்த நூல்கள் உதிர்ந்ததால். அதற்கு பி12, இரும்பு, ஃபோலிக் அமிலக் குறைவைத்தான் முதலில் நினைப்பார்கள். ஜிங்க் மட்டும் குறைந்த நாக்கு வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகவேகூட இருக்கும்.

ஆதாரம் கேட்பவன்:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், மாத்திரை மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்காமல் இருக்க உதவும். ருசிக்கு ஜிங்க் என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ராபர்ட் ஹென்கின். அவரே 1976இல் நூற்றுச் சொச்சம் பேரை வைத்து, யாருக்கு ஜிங்க், யாருக்கு வெறும் மாத்திரை என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் செய்து பார்த்தார். இரண்டு கூட்டத்துக்கும் முன்னேற்றத்தில் வித்தியாசம் இல்லை. இதற்கு ஜிங்க் வேலையே செய்யாது என்று அர்த்தமில்லை. ருசி போன எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் பிரயோஜனமில்லை, உண்மையில் குறைந்தவருக்குக் கொடுத்தால் பலன் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். மூக்கில் போடும் ஜிங்க் மருந்து என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். அப்படி ஒன்றால் வாசனை போய்விடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009இல் எச்சரித்தது.

பழைய பார்மசிஸ்ட்:

தங்கச்சி, அண்ணத்தில் தயிர் மாதிரி வெள்ளை என்று சொல்கிறீர்களே, அது பூஞ்சையாக இருக்கும். சர்க்கரையும், ராத்திரி கழற்றாத பல் செட்டும் சேர்ந்தால் அது வீடு கட்டிக்கொள்ளும், வாய் கசப்புக்கு அதுவே போதும். துடைத்தால் போகாத வெள்ளையோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் அது வேறு விஷயம், ஒரு நாளும் தள்ளக்கூடாது. அத்தை வெற்றிலை போடுவாரா?

ஆனையூர் மருமகள்:

சோழவந்தான் வெற்றிலை இல்லாமல் இருக்கமாட்டார், அது பல் செட் கட்டும்வரை. புகையிலையும் வைப்பார். நாலு வருடமாக இரண்டும் இல்லை. வெள்ளையைப் பஞ்சால் துடைத்தேன், வந்துவிட்டது. நாளைக்குக் காட்டப் போகிறோம்.

ஆனையூர் மருமகள் (ஏழு வாரம் கழித்து):

கேட்டுவிட்டு ஓடிவிட்டேன் என்று நினைக்காதீர்கள், சித்திரைத் திருவிழாவுக்கு வீடு முழுக்க ஆட்கள்.

ரிசல்ட்: ஜிங்க் 63. பி12 ரொம்பக் குறைவு, 150 கூட இல்லை. ஹீமோகுளோபின் பத்து. சிறுநீரகம் பரவாயில்லை. வெள்ளை பூஞ்சைதான். டாக்டர் முதலில் பேன்டோப்ரசோல் எதற்கு என்று கேட்டார், எங்களால் சொல்ல முடியவில்லை, படிப்படியாக நிறுத்திவிட்டார். பி12 ஊசி, வாயில் தடவ மருந்து, ஜிங்க் 20 மி.கி. மதியம் சாப்பிட்டபின் இரண்டு மாதத்துக்கு மட்டும். இரும்பு மாத்திரை இரவில், இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது என்றார். பல் செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். இதற்குத்தான் பெரிய போராட்டம். கடைசியில் பேத்தி தன் பென்சில் டப்பாவைக் கொடுத்து "அப்பத்தா, பல்லு இதுல தூங்கட்டும்" என்றாள், நடந்துவிட்டது. (தண்ணீர் நிற்கவில்லை, அப்புறம் கிண்ணத்துக்கு மாற்றினோம்.)

சாப்பாடு. கறியை விட்டது விரதமோ வேண்டுதலோ இல்லையாம். மாமா ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குவாளியோடு கறிக்கடைக்குப் போய் வருவார், அந்த வாளி அடுக்களையில் தொங்குவதைப் பார்த்தாலே சாப்பிட மனசு வரவில்லை என்று டாக்டரிடம்தான் முதல் முறையாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கறி இன்னும் சாப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. அவித்த முட்டை தினம் ஒன்று, இட்லிக்கு எள்ளுப்பொடி, முளைகட்டிய பாசிப்பயறு, மாலையில் ஒரு கை நிலக்கடலை. கேப்பை இப்போது கூழ்தான். முதல் நாள் கரைத்து வைப்பதைப் பார்த்து "இது எங்க அம்மா செய்யிறதுல்ல" என்றார். டீ இரண்டாகக் குறைந்தது, மாத்திரை நேரத்தில் இல்லை.

இரண்டாவது வாரத்தில் வாய்க் கசப்பு போனது. இனிப்பு முதலில் வந்தது, உப்பு ஒரு மாதம் ஆயிற்று. நாக்கில் சொரசொரப்பு தெரிகிறது, டார்ச் அடித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு விடவில்லை. முந்தாநாள் புளியோதரை கட்டினேன். பழைய கையே போட்டுவிட்டது போல, ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏத்தா, உப்புச் சாக்கு அவுந்து விழுந்துருச்சா?" இப்போது பஞ்சாயத்து இதில்தான் ஓடுகிறது.

எது குணமாக்கியது? ஊசியா, ஜிங்கா, பூஞ்சை மருந்தா?

ஆதாரம் கேட்பவன்:

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்துவிட்டுக் கேட்டால் எப்படிச் சொல்வது! கசப்பு போனது பூஞ்சை மருந்தாலும் பல் செட்டாலும் என்று வேண்டுமானால் ஊகிக்கலாம். உப்பு திரும்பியது பி12ஆ ஜிங்கா என்பதைப் பிரிக்க வழியில்லை.

பழைய பார்மசிஸ்ட்:

ஜிங்க் இரண்டு மாதம் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும், நல்லதுதானே என்று நீட்டாதீர்கள். மெட்ஃபார்மின் தொடரும்வரை வருடம் ஒருமுறை பி12 பாருங்கள்.

ஆனையூர் மருமகள்:

சரிங்கண்ணே. மெடிக்கலில் வாங்கின அந்த 50 மி.கி. அட்டை அப்படியே இருக்கிறது, பிரித்ததைத் திருப்பி வாங்கமாட்டேன் என்றுவிட்டார். என்ன செய்வது?

மேலூர் விவசாயி:

வீட்டில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறதா? ஒரு மாத்திரையை ஒரு குடம் தண்ணீரில் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றுங்கள். டிஏபி போட்ட அன்றைக்கு மட்டும் வேண்டாம்.